பேசாத நோயாளியின் கண்

நுழையும்முன்

மனிதர் எவரும் நோயுற்று வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது, "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்பதே. நாயும் பூனையும் இவ்வினாவுக்கு விடை சொல்லா. ஆயினும் ஒரு கைவிளக்கு, சிறிது பஞ்சு, ஒரு விரல் ஆகியவற்றைக் கொண்டே அவற்றின் தலைக்குள் எவ்விடத்தில் பழுது நேர்ந்துள்ளது என்பதைக் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் கண்டறிந்துவிடுகிறார். அது எவ்வாறு இயல்கிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

தோப்பில் ஒரு காவல் நாய்

கொடைக்கானல் மலை சமவெளியைத் தொடும் இடங்களுள் ஒன்று, தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டி. மஞ்சளாறு அணைக்கு அருகிலுள்ள இவ்வூர்ப் பக்கத்தில் மாந்தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாயே காவல். தானியம் வைத்த வீட்டுக்குப் பூனையே காவல். நாய் வளர்ப்பு இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கோம்பை என்னும் ஊரின் பெயராலேயே ஒரு நாட்டு நாயினம் 'கோம்பை நாய்' என வழங்கப்படுகிறது.

இத்தகைய தோப்பு ஒன்றில் காவல் இருக்கும் நாய், ஒருநாள் வாய்க்கால் கரையில் தடுமாறி விழுகிறது எனக் கொள்க. வேலிக்கல்லில் முகத்தை இடித்துக்கொள்கிறது. "நாய்க்குக் கண் தெரியவில்லை" என்கிறார் உரிமையாளர். அவர் கூறியது சரியாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவருக்கு அது விடையன்று; வினாவின் தொடக்கம். ஒளி கண்ணுக்குள் நுழையும் வழியில் தடைப்பட்டிருக்கலாம். விழித்திரை செயலிழந்திருக்கலாம். விழித்திரையிலிருந்து செல்லும் நரம்பு பழுதுபட்டிருக்கலாம். இவையெல்லாம் நலமாக இருந்து, செய்தியைப் பெற வேண்டிய மூளைப்பகுதி மட்டும் நோயுற்றிருக்கலாம். நான்கு நிலையிலும் நாய் இடித்துக்கொள்ளும்; நான்குக்கும் மருத்துவம் வேறு.

தொடுவதற்கு முன்

சோதனை, கருவியை எடுக்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது. நாய் அறைக்குள் நடந்துவரும் முறை, தலையை ஏந்தும் விதம், இரு காதுகளும் இரு உதடுகளும் ஒத்த நிலையில் உள்ளனவா என்பது ஆகியவற்றை மருத்துவர் எட்ட நின்றே கவனிக்கிறார். உரிமையாளரிடம் கேட்க வேண்டியவையும் பல. குறை திடீரென வந்ததா, மெல்ல வளர்ந்ததா? இரவில் மட்டும் தடுமாறுகிறதா? பாம்போ வேறொரு நாயோ கடித்ததுண்டா? வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது?

பார்வை மெல்ல மெல்லக் குறைந்த நாய், பழகிய இடத்தில் குறையைக் காட்டிக்கொள்ளாது. நினைவும் மோப்பமும் அதனை நடத்திச் செல்லும். வீட்டில் கட்டிலை இடம்மாற்றிப் போட்ட நாளில்தான் அதற்குப் பார்வை இல்லை என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவரும். ஆகவே பழக்கமற்ற அறையில் சில தடைகளை வைத்து நாயை நடக்கவிடுகின்றனர். முதலில் வெளிச்சத்திலும் பின்பு மங்கிய ஒளியிலும் இது செய்யப்படுகிறது. பூனையோ புதிய அறையில் நடக்கவே மறுத்து மூலையில் ஒடுங்கும். அதன் முன்னால் ஒரு பஞ்சுருண்டையை விழவிடுவார் மருத்துவர். பஞ்சு விழும்போது ஓசையும் எழாது, மணமும் வராது. எனவே பூனையின் விழி அதனைப் பின்தொடர்ந்தால் அது கண்ணின் வேலையே.

வினா ஒரு வழி, விடை மற்றொரு வழி

நாய்க்கும் பூனைக்கும், மனிதருக்கு உள்ளது போலவே, 12 இணை மூளை நரம்புகள் உள்ளன. இவற்றைக் கபால நரம்புகள் என்றும் கூறுவர். சில நரம்புகள் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. சில, மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவருகின்றன. சில இரண்டையும் செய்கின்றன. ஒவ்வொரு சோதனையிலும் ஒரு நரம்பின் வழியே வினா உள்ளே செல்கிறது. பெரும்பாலும் வேறொரு நரம்பின் வழியே விடை வெளியே வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கண்ணை நோக்கிக் கையைத் திடீரெனக் கொண்டுசென்றால் நாய் இமைக்கிறது. கை வருவதைக் கண்டு மூளைக்குச் சொல்வது இரண்டாம் நரம்பாகிய பார்வை நரம்பு. இமையை மூடச் செய்வது ஏழாம் நரம்பாகிய முக நரம்பு. இடையில் பெருமூளையும் சிறுமூளையும் பங்கேற்கின்றன. கையைக் காற்று எழும்படி வீசிவிட்டால் சோதனை கெட்டுப்போகும். பார்வையற்ற கண்ணும் காற்றுப் பட்டு இமைக்கும். மேலும், இச்செயல் பிறவியிலேயே வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது. பிறந்து 10 முதல் 12 வாரங்கள் நிறைவுறாத குட்டி கைக்கு இமைக்காவிட்டால் அதனைக் குருடு என முடிவு செய்யலாகாது. அஞ்சி உறைந்திருக்கும் பூனையும் இமைக்காமல் இருக்கக்கூடும்.

நாய் இமைக்கவில்லை எனில், பழுது வினா சென்ற வழியிலா, விடை வரும் வழியிலா? இதனை அறிய மருத்துவர் வினாவை மாற்றிக் கேட்கிறார். கண்ணின் ஓரத்தை விரலால் மெல்லத் தொடுகிறார். இப்போது செய்தியை எடுத்துச் செல்வது ஐந்தாம் நரம்பாகிய முக்கிளை நரம்பு. இமைக்கச் செய்வது முன்போலவே முக நரம்பு. தொட்டதற்கு இமைத்த நாய் கைவீச்சுக்கு இமைக்கவில்லை என்றால் முக நரம்பு நன்றாகவே உள்ளது. பார்வை வழியில்தான் ஐயம். இரண்டுக்கும் இமைக்காமல், ஆனால் கை வரும்போது தலையை மட்டும் விலக்கிக்கொள்ளும் நாய் பார்க்கிறது. அதனால் இமையை மூட முடியவில்லை. அதன் உதடு ஒருபுறம் தொங்குவதையும் தின்ற சோறு அக்கன்னத்தில் தங்கி வெளியே சிந்துவதையும் சேர்த்துப் பார்த்தால் முக நரம்பு வாதம் என்பது உறுதிப்படும்.

பாவையில் வீழும் ஒளி

விழியின் நடுவே உள்ள துளையைத் தமிழர் 'பாவை' என்றனர். எதிரே நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மைபோல் தோன்றுவதே காரணம் என்பர். இலத்தீன் மொழியிலும் அதற்குரிய சொல் சிறு பொம்மையையே குறிப்பது வியப்புக்குரியது. ஒருவர் கண்ணை மற்றொருவர் நெருங்கி நோக்கிய எந்நாட்டிலும் இந்தக் காட்சி ஒன்றாகவே இருந்திருக்கும்.

இருண்ட அறையில் ஒரு கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் அக்கண்ணின் பாவை சுருங்கும். அதே நொடியில் ஒளி படாத மறுகண்ணின் பாவையும் சுருங்கும். பார்வை நரம்புகள் இரண்டும் மூளையின் அடிப்புறத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதும், மூளைத்தண்டில் செய்தி மீண்டும் இருபுறமும் பகிரப்படுவதும் இதற்குக் காரணம். நாயில் ஏறத்தாழ 75 விழுக்காட்டு இழைகளும் பூனையில் ஏறத்தாழ 65 விழுக்காட்டு இழைகளும் எதிர்ப்புறம் கடக்கின்றன. பாவையைச் சுருக்கும் கட்டளையைக் கொண்டுவருவது மூன்றாம் நரம்பாகிய விழி இயக்க நரம்பு.

வலக்கண்ணில் ஒளி பாய்ச்சியபோது இரு பாவைகளும் அசையவில்லை. இடக்கண்ணில் பாய்ச்சியபோது இரண்டுமே சுருங்கின என்று கொள்க. வலக்கண்ணின் வினாவே மூளையைச் சென்றடையவில்லை என்பது தெளிவு. ஆகவே பழுது வலது விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ உள்ளது. மாறாக, எந்தக் கண்ணில் பாய்ச்சினாலும் இடப்பாவை மட்டுமே சுருங்கி, வலப்பாவை விரிந்தே நின்றால்? வினா சென்றிருக்கிறது, விடை வலப்புறம் வந்து சேரவில்லை. வலது மூன்றாம் நரம்பையோ, ஐரிஸின் தசையையோ ஆராய வேண்டும். மண்டையைத் திறக்காமல், ஒரு கைவிளக்கின் துணையால் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

தோப்பு நாய்க்குத் திரும்புவோம். அதன் இரு பாவைகளும் ஒளிக்கு நன்றாகச் சுருங்குகின்றன எனில், அது பார்க்கிறது என்று பொருளாகுமா? ஆகாது. பாவை சுருங்குவதற்கான செய்தி மூளைத்தண்டோடு திரும்பிவிடுகிறது. பார்ப்பதற்கான செய்தியோ பெருமூளையின் பின்பகுதி வரை செல்ல வேண்டும். பெருமூளை நோயால் பார்வை இழந்த நாய்க்குப் பாவை இயல்பாகவே சுருங்கும். கண்புரையால் லென்ஸ் முற்றிலும் வெளுத்த நாய்க்கும் பாவை சுருங்கும். புரை காட்சியை மறைக்கிறதே அன்றி ஒளியை முழுவதும் மறைப்பதில்லை. புரை என்றால் கண்ணை நோக்கிய அளவிலேயே அது தெரியும். புரையும் இல்லை, விழித்திரையிலும் குறையில்லை, பாவையும் சுருங்குகிறது, ஆனால் நாய் கைக்கு இமைக்கவில்லை, பஞ்சைப் பின்தொடரவில்லை என்றால் மருத்துவரின் கவனம் கண்ணை விட்டு மூளைக்கு நகர்கிறது.

இருளில் நாயின் கண்ணும் பூனையின் கண்ணும் ஒளிர்வதை அறியாதார் இல்லை. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளி எதிரொளிக்கும் படலமே அதற்குக் காரணம். கண்நோக்கியின் வழியே உட்புறம் காணும்போது இப்படலம் பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றும். முதிய பூனை ஒன்று ஒரே நாளில் பார்வை இழந்து, பாவைகள் அகல விரிந்த நிலையில் வந்தால், விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்திருப்பதை இக்கருவி காட்டக்கூடும். பூனைக்கும் இரத்த அழுத்தம் அளக்க வேண்டியதன் தேவை அப்போது விளங்கும். பூனையின் விழித்திரைக்கு உணவாலும் கேடு வரும். டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் விழித்திரை சிதையும் என்பது 1975இல் வெளியான ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. வீட்டார் உண்பதையே பூனைக்கும் இட்டு, பால்சோற்றாலேயே அதனை வளர்ப்பது அன்புதான்; ஆனால் எலி பிடிக்கவும் வெளியே விடாமல் அவ்வாறு வளர்க்கப்படும் பூனையின் கண்ணுக்கு அவ்வன்பு போதாது.

கண்ணீரும் சாயமும்

சிவந்து நீர் வடியும் கண்ணை ஆராய்வதில் வரிசைமுறை முதன்மையானது. கண்ணில் எந்த மருந்தும் விடுவதற்கு முன் கண்ணீரின் அளவை அறிய வேண்டும். அளவுகோடிட்ட சிறு தாள்பட்டையைக் கீழிமைக்குள் ஒரு நிமிடம் செருகி வைப்பர். நாயின் கண்ணில் அத்தாள் பொதுவாக 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும். செருமானியக் கண் மருத்துவர் ஷிர்மர் 1903இல் மனிதருக்கென விளக்கிய சோதனை இது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

அடுத்து, புளோரசீன் என்னும் சாயம் இடப்படுகிறது. கார்னியாவில் கீறலோ புண்ணோ இருந்தால் அவ்விடம் மட்டும் நீல ஒளியில் பசுமையாக மின்னும். கண்ணுக்குள் உள்ள அழுத்தமும் அளக்கப்படுகிறது. அவ்வழுத்தம் மிகுந்தால் கண் சிவக்கும், கலங்கும், வலிக்கும். உடனே குறைக்காவிடில் பார்வை நரம்பே அழிந்துவிடும்.

சாயச் சோதனை செய்யாமல் மருந்து இடுவதில் ஓர் இடர் உண்டு. வீட்டில் எவருக்கோ வாங்கி மிச்சமான சொட்டு மருந்தை நாயின் சிவந்த கண்ணிலும் விடுவோர் பலர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால், புண் ஆறாது ஆழமாகும். கார்னியா துளைபடவும் கூடும். முதல் நாள் சிவப்புக் குறைவதுபோல் தோன்றுவது இன்னும் தீங்கானது. அது மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட வைக்கிறது. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா என்னும் நோயும் நாயின் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும். அப்போது கண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. இரத்தத்தையும் ஆராய வேண்டும்.

மீதமுள்ள நரம்புகள்

முதலாம் நரம்பாகிய நுகர்ச்சி நரம்பைச் சோதிக்கக் கண்ணை மறைத்து உணவை மூக்கருகே நீட்டுவர். நெடி மிகுந்த மருந்தை நீட்டினால் நாய் முகத்தைத் திருப்பும். ஆனால் அது எரிச்சலை உணர்ந்த ஐந்தாம் நரம்பின் விடையாக இருக்கக்கூடும். விழியைச் சுழற்றும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகளைத் தனித்தனியே சோதிப்பது கடினம். தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பினால் விழிகள் சற்றுப் பின்தங்கி, பின்பு வெட்டி முன்னேற வேண்டும். அவ்வாறு நிகழ்ந்தால் இம்மூன்றும், தலையின் அசைவை உணரும் எட்டாம் நரம்பும் ஒன்றுபட்டு இயங்குகின்றன என அறியலாம். பதினொன்றாம் நரம்பு கழுத்துத் தசைக்கும் பன்னிரண்டாம் நரம்பு நாவுக்கும் உரியவை.

மலையடிவார ஊர்களில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். நல்லபாம்போ கட்டுவிரியனோ தீண்டிய நாய்க்கு இமைகள் சரியும்; விழுங்கும் ஆற்றல் குன்றும்; பின்பு மூச்சும் தளரும். பல மூளை நரம்புகள் ஒருங்கே செயலிழந்ததுபோல் தோன்றினாலும் அங்கு நரம்புகள் அறுபடவில்லை. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் நஞ்சு தடையாக நிற்கிறது. காலத்தே நச்சுமுறி மருந்தும் மூச்சுக்குத் துணையும் கிடைத்த நாய் முழுதும் மீளக்கூடும்.

தொங்கும் தாடை

ஐந்தாம் நரம்பு முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வதோடு தாடையை மூடும் தசைகளையும் இயக்குகிறது. ஒன்பதாம் நரம்பும் பத்தாம் நரம்பும் விழுங்குவதற்கு உரியவை. இவற்றை ஆராய வாயைத் திறந்து தாடையின் இறுக்கத்தைப் பார்ப்பதும், தொண்டையைத் தொட்டு விழுங்கும் செயலைத் தூண்டுவதும் நூல்களில் கூறப்படும் முறைகள். ஆனால் இவற்றைச் செய்யும் முன் மருத்துவர் தயங்கி நிற்க வேண்டிய இடம் இதுவே.

தோப்பு நாயின் கீழ்த்தாடை தொங்குகிறது, வாயை மூட இயலவில்லை, எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறியிருக்கிறது எனக் கொள்க. காண்போர் பெரும்பாலும் நினைப்பது, "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்பதே. இரக்கம் மிகுந்த ஒருவர் உடனே வாய்க்குள் கைவிட்டுத் தேடுவார். அந்த நாய்க்கு வெறிநோய் இருக்கக்கூடும். வெறிநோய் என்றால் சீறிப் பாய்ந்து கடிக்கும் நாயே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோய்க்கு அடங்கிய வடிவம் ஒன்றும் உண்டு. அதில் நாய் எவரையும் துரத்தாது, தாடை தொங்க ஒடுங்கிக் கிடக்கும். அதன் எச்சிலில் வைரசு இருக்கும். கையில் உள்ள சிறு கீறலே அதற்கு வாயில்.

கடிபட்ட இடத்திலிருந்து நரம்பின் வழியே மூளைக்கு ஏறிச்சென்று, அங்கிருந்து மீண்டும் நரம்புகள் வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குவது அவ்வைரசின் இயல்பு. மருத்துவர் எவ்வழிகளில் வினாவையும் விடையையும் தேடுகிறாரோ, அவ்வழிகளிலேயே நோயும் பயணம் செய்கிறது. விழுங்க இயலாமையும் குரல் மாற்றமும் தாடைத் தளர்ச்சியும் அப்பயணத்தின் சுவடுகள்.

தாடை தொங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஐந்தாம் நரம்பின் இயக்கக் கிளைகளில் மட்டும் தோன்றும் ஓர் அழற்சியால் நாயின் வாய் மூடாமற் போகும். உணவை ஊட்டிப் பேணினால் இரண்டு மூன்று வாரங்களில் அது பெரும்பாலும் தானே நலமடையும். ஒன்று நலமாகும் நோய்; மற்றொன்று அறிகுறி தோன்றியபின் நாயையும் மனிதரையும் ஏறக்குறைய எப்போதும் கொல்லும் நோய். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆகவே தடுப்பூசி வரலாறு தெரியாத நாயின் வாய்க்குள் கையைச் செலுத்தும் சோதனை தவிர்க்கப்படுகிறது. நாய் தனியே அடைக்கப்பட்டு எட்ட இருந்தே கவனிக்கப்படும். வெறிநோய் எனில் அறிகுறி தோன்றிய சில நாட்களிலேயே, பொதுவாக 10 நாட்களுக்குள், அது இறந்துவிடும். எச்சில் பட்டவர்கள் அதுவரை காத்திருத்தல் கூடாது. கீறலையும் காயத்தையும் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். 1885இல் பாஸ்டர் காட்டிய வழி இது. தமிழ்நாட்டில் குன்னூரில் 1907இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிறுவனம் இந்நோய்க்கான தடுப்பூசித் தயாரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியது. நாய்களோடு பழகும் தொழிலுக்கு வருவோர் கடிபடும் முன்னரே இத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது முறை.

கண்ணில் தெரியும் தொலைவு

கண்ணில் தோன்றும் குறி கண்ணின் நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருபுறப் பாவை சிறுத்து, இமை சரிந்து, விழி உள்வாங்கி, மூன்றாம் இமை எனப்படும் சவ்வு வெளியே எழுந்து நிற்கும் நிலையை ஹார்னர் குறித்தொகுதி என்பர். கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பு தடைப்பட்டதன் விளைவு இது. கெங்குவார்பட்டியில் நின்று பார்த்தால் மலை கண்ணெதிரே இருக்கிறது. கொடைக்கானலுக்குச் செல்லும் பாதையோ பல வளைவுகளைச் சுற்றியே ஏறுகிறது. அந்த நரம்பின் பாதையும் அத்தகையது. மூளையில் புறப்பட்டு, கழுத்துத் தண்டுவடத்தின் வழியே மார்பு வரை இறங்கி, வெளியேறி, மீண்டும் கழுத்தில் ஏறி, நடுச்செவியை ஒட்டிச் சென்று, அதன்பின்னரே கண்ணை அடைகிறது. சாலையில் வண்டி மோதி முன்னங்கால் நரம்புகள் வேரோடு இழுபட்ட நாய்க்கும், காதுக்குள் சீழ் பிடித்த பூனைக்கும் கண்ணில் இக்குறி தோன்றுவது இதனால்தான். விளக்கை அணைத்தால் நலமான பாவை விரியும்; நோயுற்றது சிறுத்தே நிற்கும். ஆகவே இருளில்தான் வேறுபாடு நன்கு புலப்படுகிறது.

முதிய நாய் ஒன்று காலையில் எழும்போதே தலையை ஒருபுறம் சாய்த்து, வட்டமிட்டு, சுருண்டு விழுகிறது. விழிகள் ஒருபுறம் மெல்ல நகர்ந்து மறுபுறம் வெட்டி வெட்டித் திரும்புகின்றன. வீட்டார் பக்கவாதம் என்று அஞ்சுகின்றனர்; இனிப் பிழைக்காது என்று கைவிடவும் துணிகின்றனர். மருத்துவர் விழியின் வெட்டு எத்திசையில் செல்கிறது எனப் பார்க்கிறார். அது மேலும் கீழுமாக இருந்தால் மூளைத்தண்டில் ஐயம் எழும். பக்கவாட்டில் மட்டும் இருந்து, நாய் தெளிவாக விழித்திருந்து, நான்கு கால்களையும் உரிய இடத்தில் ஊன்ற அறிந்து, மற்ற நரம்புகளும் குறையின்றி இருந்தால், பழுது பெரும்பாலும் எட்டாம் நரம்பின் சமநிலைக் கிளையிலோ உட்செவியிலோ இருக்கும். காதில் சீழ் இல்லை என்பதும் உறுதியானால், காரணம் அறியப்படாமல் முதுமையில் திடீரெனத் தோன்றும் சமநிலைக் கோளாறாக அது இருக்கக்கூடும். மருத்துவர் நாயை வீட்டுக்கே அனுப்புகிறார். வழுக்காத தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைக்கவும், கிண்ணத்தை வாயருகே பிடித்து நீர் புகட்டவும் சொல்கிறார். சில நாட்களில் விழியின் வெட்டு அடங்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் நாய் நடக்கத் தொடங்குகிறது. தலைச்சாய்வு சிறிது எஞ்சியிருக்கும். அந்தச் சாய்வோடே அது தோப்பைச் சுற்றிவரும்.